செங்கம்பளத்தைச் சுருட்டிய நாள்

போன ஆடி மாதம் நாங்கள் ஒரு செங்கம்பளத்தை வேனில் ஏற்றிக்கொண்டு எல்கடுவ மலைக்குப் போனோம்.

நிஜமான செங்கம்பளம்தான். பலாபத்வலயில் கல்யாண வீடுகளுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற கடையில் எடுத்தது. முந்தின கல்யாணத்தின் பன்னீர் வாசம் இன்னும் போகவில்லை. ஓர் ஓரத்தில் ஐஸ்கிரீம் கறை. "அந்தப் பக்கத்த உள்ளுக்கு மடிச்சி விட்டீங்கன்னா யாருக்கும் தெரியாது" என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு எதற்குச் செங்கம்பளம்? நியாயமான கேள்வி. அன்றைக்கு அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கம்பளத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மலையேறியதே நான்தான்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் சங்கத்தைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. மாத்தளை டவுனில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்துகிற சின்னச் சங்கம் அது. தலைவர், வாசனைத் திரவியம் வியாபாரம் செய்கிற நசீர் ஹாஜியார். செயலாளர், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சரான அடியேன். வெளிநாட்டில் இருந்து தொண்டு செய்ய வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்து, அவர்களைத் தோட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய், பேச்சை மொழிபெயர்த்து, மிளகாய் குறைவாகப் போட்ட சாப்பாடும் ஏற்பாடு செய்வதுதான் எங்கள் வேலை.

அப்படி வந்தவர்தான் இங்க்ரிட். நோர்வே நாட்டுக்காரர், பிசியோதெரபிஸ்ட். நாலு வருஷமாக, வருஷத்துக்கு மூன்று மாதம், எல்கடுவ பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தார். பிள்ளை மடுவம் என்றால், கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் காலையில் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே கை கால் சரியாக வராத எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். தோட்டத்து வாயில் இங்க்ரிட் என்ற பெயர் நுழையவில்லை. 'இங்கிரிம்மா' ஆகிவிட்டார்.

"தொண்டர் சம்பளம் வாங்குவதில்லையே... பிறகு எதற்கு நன்கொடை?" என்று என் சொந்தத் தங்கையே கேட்டிருக்கிறாள். தொண்டர் வேலைக்குத்தான் சம்பளமில்லை தாயே. விமானம் சும்மா ஏற்றுமா? அறை வாடகை, மலைக்குப் போக வேன், பிள்ளைகளின் காலை நேராகப் பிடித்து வைக்க அளவெடுத்துச் செய்கிற ஸ்ப்ளிண்ட் (தோட்டத்தில் அதற்குப் பெயர் 'கட்டை')... ஒவ்வொரு தொண்டருக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் நின்றாக வேண்டும். எங்களுக்குப் பின்னால் நின்றது வெளிநாட்டில் இருந்த ஒரு வயதான தம்பதி. போன வருஷம் அவர்களிடமிருந்து அன்பான ஒரு கடிதம் வந்தது. இனி முடியாது என்று.

அதே நேரத்தில் இங்க்ரிட்டும் சொல்லிவிட்டார். அவருடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. இந்த வருஷம்தான் கடைசி. ஐப்பசியில் போனால் திரும்பி வரமாட்டார். அடுத்தவரை அழைத்துவர எங்களிடம் வழியில்லை.

வழியில்லாவிட்டால் என்ன ஆகும்? தனுஷிகா என்ன ஆவாள் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

தனுஷிகாவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. கால்கள் இரண்டும் விறைத்து, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். இங்க்ரிட் முதலில் பார்த்தபோது உட்காரக்கூட வராது. இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தை மாதம் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு மேலே, பதினான்கு படி ஏறிப் போக வேண்டும். வளர்கிற பிள்ளை என்பதால் ஆறேழு மாதத்தில் ஸ்ப்ளிண்ட் இறுக்கிவிடும். புதிதாக அளவெடுக்க ஆளில்லை என்றால் கால் மறுபடி விறைக்கும். அவ்வளவுதான், படியும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு.

அவளுடைய அம்மா சுமதி கொழுந்தெடுக்கிறவர். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இப்பவே இடுப்பு விட்டுப் போகுது டீச்சர். இன்னும் எத்தன வருசம் தூக்கிக்கிட்டுப் போவேன்? நேரத்துக்கு மலைல நிக்கலன்னா அரநாள் பேருதான் போடுவாங்க, சம்பளமும் பாதிதான். அவளா நடந்து போய் இஸ்கோல்ல குந்திட்டான்னா போதும். அதுக்கு மேல நான் ஒன்னும் கேக்கல."

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

ஐயா, நான் எழுதிய விண்ணப்பங்களை நீங்கள் வாசித்திருக்க வேண்டும்! முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் படிப்பித்த திறமை முழுவதையும் அதில் இறக்கினேன். 'இங்கே எதுவுமே இல்லை.' 'யாருக்கும் எதுவும் தெரியாது.' 'தொண்டர் போன மறுநாளே எல்லாம் நின்றுவிடும்.' கண்ணீர் சொட்டச் சொட்ட எழுதினேன். ஒரு வருஷத்தில் ஐந்து விண்ணப்பம் போயிற்று. மூன்று இடத்தில் இருந்து 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. ஓர் இடத்தில் வருந்தக்கூட இல்லை.

ஐந்தாவதை அனுப்புமுன் ஹாஜியாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஏலக்காய் மூட்டை மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"டீச்சர், கேக்கக் கேக்க எனக்கே அழுக வருது. ஆனா... இது நம்ம ஊரு தானா?"

"இப்பிடி எழுதினால்தான் ஹாஜியார் இரக்கம் வரும்" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

அந்த ஐந்தாவது விண்ணப்பத்துக்குத்தான் வேறு மாதிரிப் பதில் வந்தது. கிடைக்கும் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 'வேறொரு வேலையாகக் கண்டிக்கு வருகிறேன். ஒரு காலைப்பொழுது உங்கள் இடத்தைப் பார்க்கலாமா?' என்று கேட்டிருந்தது. நெதர்லாந்தில் உள்ள ஒரு சின்ன அறக்கட்டளை. எழுதியவர் பெயர் பீட்டர்.

பார்க்கலாமாவா! தோட்டமே எழுந்து நின்றுவிட்டது.

நம் ஆட்களுக்கு விருந்தாளி வருகிறார் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும்... பிறகு யார் சொல்லியும் நிற்காது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கூட்டம் போட்டார். "வெளிநாட்டுலேருந்து வர்றாரு. நம்ம தோட்டத்துப் பேரு கெடக்கூடாது" என்றார். ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மடுவத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் பந்தல். குத்துவிளக்கு. மேளம். ஹாஜியார் தன் பங்குக்குக் கதிரைகளுக்கு வெள்ளை உறையும், வீட்டு அலுமாரியில் பெருநாளுக்கு மட்டும் வெளியே வருகிற பீங்கான் கோப்பைகளும் அனுப்பி வைத்தார். நான் கம்பளம்.

மடுவத்தின் உள்ளே பிள்ளைகள் நடை பழகுகிற இடம் ஒன்று உண்டு. பழைய தண்ணீர்க் குழாய்களைத் தொழிற்சாலை ஃபிட்டர் வெல்டிங் செய்து கொடுத்த இரண்டு கைப்பிடிக் கம்பிகள். கோதுமை மா உறையில் மணலை நிரப்பித் தைத்த மூட்டைகள். காற்றுப் போன டயர் டியூப். பிள்ளைகள் உட்காருகிற, கால் சமமில்லாத ஒரு வாங்கு. தனுஷிகாவின் நடைச்சட்டம். பார்க்க அழகாக இல்லை என்று எல்லாவற்றையும் தூக்கி மடுவத்தின் பின்னால் போட்டு, தார்ப்பாயால் மூடினார்கள். இரண்டு மணல் மூட்டையை நானே சுமந்தேன். மறைக்க ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மடுவத்தைப் பார்த்துக்கொள்கிற சந்திரா மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அந்த மணல் மூட்டைகளைத் தைத்தவர் அவர்தான்.

"இத எல்லாம் எடுத்துட்டா, பத்து மணிக்குப் புள்ளைங்களுக்கு எதுல செய்றது டீச்சர்?"

"இன்னைக்கு ஒருநாள் தானே சந்திரா. நீங்க போய் வடைக்கு அரைச்சதப் பாருங்க."

போனார். நான் சொன்னால் தட்டமாட்டார். அந்தத் தட்டாத குணத்தைத்தான் நான் எவ்வளவு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டேன்!

பீட்டர் வந்தார். நெடிய மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். கண்டியில் இருந்து அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தது இங்க்ரிட். எங்கள் அலங்காரத் திட்டம் எதுவும் இங்க்ரிட்டுக்குத் தெரியாது. காரில் இருந்து இறங்கியவர் பந்தலைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பனிமூட்டத்தைப் பார்த்தேன்.

மாலை போட்டோம். விளக்கேற்றினோம். எட்டு அம்மாமாரும் புதுச் சேலையில், வெள்ளை உறை போட்ட கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பிள்ளைகளும் அம்மாமாரின் மடியில். பளபள சட்டை, பவுடர், பொட்டு. நடக்கக்கூடிய பிள்ளைகளையும் அன்று ஒருவரும் தரையில் விடவில்லை. ஏன் தெரியுமா? பிள்ளை நடந்து வர நேரமெடுக்கும். பெரிய மனிதரைக் காக்க வைப்பது மரியாதை இல்லையாம்.

நிகழ்ச்சி நிரலில் பதினொரு அம்சம். நானே டைப் செய்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை... நாலாவது உரை முடிந்தபோது பீட்டர் மெல்லக் கையை உயர்த்தினார். வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவது போலத்தான்.

"மன்னிக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றார். "உங்கள் விண்ணப்பத்தை மூன்று முறை வாசித்தேன். இங்கே எதுவுமே இல்லை, யாருக்கும் எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே வந்து பார்த்தால் எல்லாமே இருக்கிறது. நான் எதை நம்புவது?"

கோபமில்லை, நக்கலில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் அதிகம் சுட்டது.

ஹாஜியார் தன் சப்பாத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர் என்ன நினைத்தாரோ, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

முன்வரிசையில் இருந்து சுமதி கேட்டார். "டீச்சர், ஐயா என்ன கேக்குறாரு?"

மொழிபெயர்க்க நான் ஒருத்திதானே அங்கே? தப்பிக்க வழியில்லை. சொன்னேன்.

"ஒன்னுமே தெரியாதுன்னு யாரு எழுதுனது?"

"நான்தான் சுமதி."

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. "அப்ப நாலு வருசமா நாங்க செஞ்சதெல்லாம் எங்க போச்சு டீச்சர்?" என்றார்.

பிறகு மடியில் இருந்த தனுஷிகாவைக் கீழே இறக்கி நிற்க வைத்தார். "ஐயாகிட்ட நடந்து போ, தங்கம்."

நடைச்சட்டம் தார்ப்பாய்க்கு அடியில் அல்லவா கிடக்கிறது! அதற்குள் சத்தம் கேட்டுச் சமையலறையில் இருந்து சந்திரா வந்துவிட்டார். உளுந்து மாக் கையோடு பின்னால் ஓடி, சட்டத்தை எடுத்து வந்து பிள்ளையின் முன்னால் வைத்தார். தனுஷிகா பிடித்தாள். ஓரடி வைத்தாள். சட்டத்தின் கால் கம்பளத்தின் மெத்தையில் புதைந்தது. இழுத்தாள், வரவில்லை. இன்னொரு முறை இழுத்ததில் முன்னால் சாய்ந்தாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் பாதி எழுந்துவிட்டோம்.

சந்திரா பிள்ளையை ஒரு கையால் நிமிர்த்திவிட்டு, குனிந்து கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினார். "இத எடுத்தா சரியாப் போகும்" என்றார், யாரிடமும் இல்லாமல். ஐஸ்கிரீம் கறை வெளியே வந்தது. வாடகைக் கடைக்காரரின் ரகசியம் சர்வதேச அளவில் அம்பலமானது.

வெறும் சீமெந்துத் தரையில் தனுஷிகா நடந்தாள். சட்டம் டக் டக்கென்று முன்னால் போக, கால்கள் கொஞ்சம் பின்னி, கொஞ்சம் பிரிந்து... பதினொரு அடி. எண்ணினேன். பீட்டருக்கு இரண்டு முழம் இருக்கும்போது அலுத்துப் போய்த் தரையில் உட்கார்ந்து, "சந்திராக்கா, வட" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். வயதாகிவிட்டால் இது ஒரு தொல்லை.

பீட்டர் கதிரையை விட்டு இறங்கி, மாலையும் கழுத்துமாகத் தரையிலேயே உட்கார்ந்தார். சந்திராவைப் பார்த்து, இங்க்ரிட் இல்லாத ஒன்பது மாதமும் என்ன நடக்கிறது என்று கேட்டார்.

சந்திரா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பக்கம். கால் படம், கை படம், எந்தப் பக்கம் எத்தனை தரம் மடக்க வேண்டும் என்ற கணக்கு. எல்லாம் அவரே வரைந்தது.

"தெனமும் பத்து மணிக்கு, பால் குடுக்குறதுக்கு முந்தி செய்றோம். பொழுதுபட அம்மாமாரு வந்தாங்கன்னா, ஒரு தரம் செய்ய வச்சிட்டுத்தான் புள்ளையக் குடுப்பேன். எனக்குத் தெரிஞ்சத அவங்களுக்கும் காட்டிக் குடுத்திருக்கேன்" என்றார்.

நாலு வருஷமாக அந்த மடுவத்துக்குப் போய்வருகிறேன். அந்தக் கொப்பியை அன்றைக்குத்தான் பார்த்தேன். இங்க்ரிட் பேசுவதை மொழிபெயர்த்துவிட்டு வேன் ஏறிவிடுவேன். சந்திரா என்ன எழுதுகிறார் என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்தேனா?

"பிறகு எங்களிடம் என்ன வேண்டும்?" என்று பீட்டர் கேட்டார்.

சந்திரா யோசித்தார். "எனக்குத் தெரியாதது இருக்குங்க. புதுசா வர்ற புள்ளைக்கு என்ன கோளாறுன்னு சொல்லத் தெரியாது. இந்தக் கட்டைக்கு அளவெடுக்கத் தெரியாது. போன வருசம் ஒரு புள்ளைக்குத் தப்பா மடக்கிட்டேன். முட்டி வீங்கிருச்சு. கேக்க ஆளில்ல. ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனோம், நல்லாயிருச்சு. அதோட அம்மா ஒரு வார்த்த சொல்லல. எனக்குத்தான் சோறு எறங்கல. அந்த மாதிரி நேரத்துல கேக்க ஒருத்தங்க வேணும்."

அந்த வீக்கத்து விஷயத்தை மொழிபெயர்க்காமல் விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். நன்கொடை கேட்கிற இடத்தில் போய் யாராவது தன் தவறைச் சொல்வார்களா? ஆனால் இங்க்ரிட்டுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். மாட்டிக்கொள்வேன். அதனால் சொன்னேன் — வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

அதுவரை மூடியிருந்த நோட்டுப் புத்தகத்தை அப்போதுதான் பீட்டர் திறந்தார்.

மீதி ஏழு அம்சமும் நடக்கவில்லை. வடை சாப்பிட்டார், கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார், தார்ப்பாயை விலக்கிக் குழாய்க் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். போகும்போது ஒரு வாக்குறுதியும் தரவில்லை. "இன்னொரு முறை எழுதுங்கள். இவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்" என்றார். நன்றியுரை மனப்பாடம் செய்து வந்திருந்த தொழிற்சங்கத் தலைவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

திரும்பி வருகிற வழியில் யோசித்தேன். நமக்குக் கேட்கத் தெரிந்தது இரண்டே விதம்தானே? ஒன்று, ஒன்றுமே இல்லை என்று கையை விரிப்போம். அல்லது எல்லாமே இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்துவோம். நிவாரணம் கேட்டுச் சமுர்த்திக் காரியாலயத்தில் போய் அடுப்பில் பூனை படுத்திருக்கிறது என்போம். அதே வாரம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு டிவியைக் கடன் வாங்கி வைப்போம். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. 'இவ்வளவு எங்களால் முடியும், இவ்வளவு முடியாது, வாருங்கள் சேர்ந்து செய்வோம்.' அந்த இடத்தில் நின்று பேச நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

எனக்குக் கூச்சம் மட்டுமல்ல, பயமும் இருந்தது. கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் தரமாட்டார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் ஒரு பெண்ணின் நாலு வருஷ உழைப்பை ஒரே வரியில் அழித்துவிட்டேன். இதற்கு நான் சந்திராவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன டீச்சர்" என்றார். அப்படிச் சொன்னால் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா? தெரியவில்லை.

ஆறாவது விண்ணப்பத்தை மடுவத்துத் தரையில் உட்கார்ந்து எழுதினோம். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், நாலு நாள். நான் பெரிய சொல் ஒன்றைப் போட்டு அதைத் தமிழில் சொல்லிக் காட்டுவேன். சந்திரா தலையை ஆட்டமாட்டார். "அப்பிடி இல்லீங்க டீச்சர்" என்பார். 'வாழ்வே மாறியது' என்று எழுதினேன். "மூணு புள்ள நடக்குது, ரெண்டு ஒக்காருது, மூணுக்கு இன்னும் ஒன்னும் ஆகல. அப்பிடியே போடுங்க" என்றார். போட்டேன். பழைய விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். இது இரண்டே பக்கம்.

அதன் தமிழ்ப் பிரதியை ஹாஜியார் தன் கடையில் நின்றுகொண்டே வாசித்தார். இந்த முறை அழுகை வரவில்லையாம்.

"இதுல பாதி நமக்கே செய்ய ஏலும் டீச்சர். வேன் ஓட்டத்துக்கும் வெளிநாட்டுக்காரர்ட கேக்கணுமா? நம்மட கடைத்தெருவுல ஆள் ஈக்காங்க. நான் பேசுறேன்" என்றார்.

பேசினார். மாத்தளை வியாபாரிகள் நாலு பேர் வேன் செலவை ஏற்றுக்கொண்டார்கள். அறை வாடகை வேண்டாம் என்று எங்கள் அங்கத்தவர் ஒருவர் தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். அதையும் விண்ணப்பத்தில் சேர்த்து அனுப்பினோம். ஒரு வருஷமாகக் கடல் தாண்டித் தேடிய நான், என் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்த கடைகளில் ஒரு வார்த்தை கேட்டதில்லை!

இங்க்ரிட் போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பீட்டரின் பதில் வந்தது. மூன்று வருஷத்துக்குச் சேர்ந்து செய்வோம் என்றிருந்தது. வருஷத்துக்கு ஒரு தொண்டர். ஸ்ப்ளிண்ட். தொண்டர் இல்லாத மாதங்களில், சந்திரா சந்தேகம் கேட்க வாரத்துக்கு ஒரு வீடியோ அழைப்பு. அவர்கள் போட்ட நிபந்தனை இரண்டுதான். வருகிற தொண்டர் முதல் வாரம் முழுவதும் சந்திராவிடம் கற்க வேண்டும். நாங்கள் அனுப்புகிற ஒவ்வொரு அறிக்கையிலும் தவறிப் போனது என்ன என்று ஒரு பந்தி இருக்க வேண்டும்.

"தப்ப எழுதுனாத்தான் நம்புவாங்களா? இப்பிடி ஒரு ஏவாரத்த நான் வாப்பா காலத்துலேருந்து பாத்ததில்ல" என்றார் ஹாஜியார். ஆனாலும் அன்று கடையில் எல்லோருக்கும் பிளேன்டீ அவர் கணக்கில்தான்.

சுமதியிடம் செய்தியைச் சொல்ல மலைக்கே போனேன். கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டார். "அப்ப கட்டைக்கு அளவெடுக்க ஆள் வருதா டீச்சர்?" வருகிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போனார். கொஞ்ச தூரம் போய், தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆளும் வந்துவிட்டார். யோனாஸ் என்கிற இருபத்தாறு வயது இளைஞர். நல்ல படிப்பு. பெரிய பை நிறையக் கருவிகள். முதல் நாளே கருவிகளைத் தரையில் பரப்பத் தொடங்கினார். சந்திரா தன் கொப்பியை அவர் கையில் கொடுத்து, மணல் மூட்டையின் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு.

போன வியாழக்கிழமை தனுஷிகாவைப் பள்ளிக்கூடப் படிக்குக் கூட்டிப் போனோம். தைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. படியோரமாக ஃபிட்டர் புதிதாக ஒரு கைப்பிடி பொருத்தியிருக்கிறார். புது ஸ்ப்ளிண்ட் போட்ட கால். அதைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் கால் நடுங்கியது. உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. கீழே நின்ற சுமதி வாயைப் பொத்திக்கொண்டார்.

யோனாஸ் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார். சந்திரா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"தூக்காதீங்க தம்பி. பக்கத்துல நில்லுங்க, போதும்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார், மொழிபெயர்க்கச் சொல்லி. நான் வாயைத் திறப்பதற்குள் தனுஷிகா தானாக நிமிர்ந்து நாலாவது படியில் கால் வைத்துவிட்டாள்.

இருந்தாலும் மொழிபெயர்த்தேன். ஒரு வருஷம், ஐந்து விண்ணப்பம் — அத்தனையிலும் நான் எழுதியிருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான்.